கிளைக்கு வராத பதில்: வங்கத்துப் பெடரேஷனை வாசித்தல்

என் அப்பா ஓர் அகில இந்தியக் கட்சியின் கிளைச் செயலாளராக இருபது வருஷம் இருந்தவர். கிளை என்றால் பெரிசாக நினைத்துவிட வேண்டாம். சேரி முனையில் ஒரு கொடிக்கம்பம், எங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்கிய தகரப் போர்டு, ஒரு ரசீது புத்தகம், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. அவ்வளவுதான் கிளை. சந்தா வசூல் செய்து மாவட்டத்துக்கு அனுப்புவார். தேர்தல் வந்தால் சுவரெழுதுவார். ஊரில் ஒரு பிரச்சினை என்றால் தலைமைக்குக் கடுதாசி எழுதுவார். சுடுகாட்டுப் பாதையை ஊர்க்காரங்க முள்வெட்டிப் போட்டு அடைச்சப்போ எழுதினார். பஞ்சமி நிலம் கைமாறினப்போ எழுதினார். எதுக்கும் பதில் வந்ததில்லை. 'தபால்ல எங்கயாவது தவறிப்போயிருக்கும்டா' என்பார். எல்லாக் கடுதாசியுமா தவறிப்போகும் என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை.

இந்தக் கட்டுரை அப்பாவைப் பற்றியது அல்ல. வங்காளத்தில் ஒரு காலத்தில் இருந்த ஒரு கிளையைப் பற்றியது. 1942 ஜூலையில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் பெடரேஷனின் வங்க மாகாணக் கிளை. அந்தக் கிளையைப் பற்றிப் பேசினாலே அப்பாவின் ரசீது புத்தகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதனால்தான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு படிப்பு வட்டத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் பற்றிப் பேசினேன். அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியவர், பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர், கடைசியில் முஸ்லிம் லீக்கை நம்பி ஏமாந்தவர் என்று சொல்லி முடித்தேன். எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் நானும் சொன்னேன். கூட்டம் முடிகிற நேரத்தில், துப்புரவு வேலை பார்க்கிற ஓர் அக்கா எழுந்து கேட்டார்: 'தம்பி, லீக்கை நம்பி ஏமாந்தாருன்னு சொல்றியே, வேற யாரை நம்பியிருக்கணும்னு சொல்லு.' என்னிடம் பதில் இல்லை. டீ வந்துவிட்டது, தப்பித்தேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது.

நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வங்கக் கிளையைப் பற்றிச் சொல்லப்படுவது மிஞ்சிப் போனால் இரண்டு வரி. ஒன்று நன்றி, ஒன்று பரிதாபம். இந்த இரண்டு வரிக்குள் ஒரு ஜனமே புதைந்து கிடக்கிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

1

முதலில் அந்த மண். கீழ் வங்காளத்தில் பரிசால், ஃபரித்பூர், குல்னா, ஜெஸ்ஸூர் மாவட்டங்கள். ஆறும் சதுப்பும் ஓடையும் நிறைந்த பூமி. அங்கே காட்டைத் திருத்தி, சேற்றை வயலாக்கி நெல் விளைவித்தவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒருவர் முஸ்லிம் குடியானவர்கள். மற்றவர் நாமசூத்திரர்கள். நாமசூத்திரர் என்பது அவர்கள் போராடிப் பெற்ற பெயர். அதற்கு முன் சர்க்கார் பதிவேட்டில் அவர்கள் பெயர் 'சண்டாளர்'. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அந்தப் பெயர் நீங்கியது. நம் ஊரில் இன்றைக்கும் 'சண்டாளா, சண்டாளி' என்று வாய் கூசாமல் திட்டுகிறோம், சினிமாப் பாட்டில் கொஞ்சுகிறோம். அது ஒரு ஜனத்தின் நெற்றியில் குத்திய பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1872-73இல் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வசதியான ஒரு நாமசூத்திரத் தலைக்கட்டு வீட்டுக் கருமாதி விருந்துக்கு மேல்சாதியார் வர மறுத்தார்கள். பதிலுக்கு நாமசூத்திரர்கள் மேல்சாதியாருக்கு வேலை செய்வதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். உழவில்லை, கூரை வேய்தல் இல்லை, ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் அது நீடித்தது. அம்பேத்கர் பிறப்பதற்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் முன்னால் நடந்தது இது. அந்தக் காலத்திலேயே ஒராகாந்தி கிராமத்தில் ஹரிசந்த் தாக்கூர் மதுவா சமயத்தைத் தொடங்கியிருந்தார். அவர் மகன் குருசந்த் தாக்கூர் பள்ளிக்கூடங்களைக் கட்டினார். 1905இல் சுதேசி இயக்கம் வந்தபோது நாமசூத்திரர்கள் அதிலிருந்து ஒதுங்கி நின்றார்கள். விலை கூடின சுதேசித் துணியை வாங்கு என்று ஜமீன்தாரும் வக்கீலும் சொல்ல, இவர்கள் முடியாது என்றார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், பெடரேஷன் அங்கே போய் அவர்களை எழுப்பவில்லை. எழுந்து நின்றவர்கள்தான் பெடரேஷனை அங்கே கூப்பிட்டார்கள். கட்சி வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. தலைமை வந்தது, கிளை முளைத்தது என்றே எழுதிப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பூமியில் பக்கத்து வயல்காரர் முஸ்லிம். இருவரும் வாரத்துக்கு உழுகிறவர்கள், விளைச்சலில் பாதியை நிலக்காரனுக்கு அளக்கிறவர்கள். நிலக்காரர் பெரும்பாலும் மேல்சாதி இந்து. கடன் கொடுத்தவரும் அவரே, வக்கீலும் அவரே, பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே. நாமசூத்திரரும் முஸ்லிமும் எப்போதும் கட்டித் தழுவி வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குள் அடிதடியும் கலவரமும் பலமுறை நடந்திருக்கின்றன. ஆனால் வயித்துப்பாடு ஒன்று. அதுதான் அங்கே அரசியலின் அடிப்படை.

2

மண்டல் 1904இல் பரிசால் மாவட்டத்தில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார். 1937 தேர்தலில் ஒரு பொதுத் தொகுதியில் சுயேச்சையாக நின்று காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். தனித்தொகுதி அல்ல, பொதுத் தொகுதி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அவர் போஸ் சகோதரர்களோடு நெருக்கமாக இருந்தார். அந்தக் கதவு மூடியபிறகுதான் வேறு கதவைத் தட்டினார். 1943இல் பெடரேஷனின் வங்கக் கிளையைத் தொடங்கினார். அதே வருஷம் தாழ்த்தப்பட்ட உறுப்பினர்கள் 21 பேர் நாஜிமுதீனின் லீக் அமைச்சரவைக்கு ஆதரவு கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. மூன்று அமைச்சர்கள், தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு வருஷம் ஐந்து லட்ச ரூபாய், சர்க்கார் உத்தியோகத்தில் வகுப்புவாரி விகிதத்தை ஒழுங்காக அமல்படுத்துவது என்று பேரம் பேசிக் கொடுத்தார்கள். இதைச் சந்தர்ப்பவாதம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்சாதிக்காரன் பேரம் பேசினால் அது ராஜதந்திரம். நாம் பேசினால் சந்தர்ப்பவாதம். இந்த அகராதியை யார் எழுதினார்கள்?

அடுத்து 1946 தேர்தல். இந்தியா முழுவதும் மாகாண சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடங்கள் 151. பெடரேஷனுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று மத்திய மாகாணத்தில், இன்னொன்று வங்காளத்தில் மண்டல் ஜெயித்தது. வங்கத்தில் மட்டும் தனி இடங்கள் 30. அவற்றில் பெரும்பாலானவை காங்கிரசுக்குப் போயின.

மக்கள் பெடரேஷனை மறுத்துவிட்டார்கள் என்று அன்றைக்கு காங்கிரஸ் சொன்னது. இன்றைக்கும் சில பேராசிரியர்கள் சொல்கிறார்கள். 1932 பூனா ஒப்பந்தத்தின் இயந்திரம் எப்படி ஓடியது என்று பார்த்தால் விஷயம் புரியும். முதல் சுற்றில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நான்கு பேரில் யார் சட்டசபைக்குப் போவது என்பதைக் கடைசிச் சுற்றில் சாதி இந்துக்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அவர்கள் எண்ணிக்கையே அதிகம். அதாவது முதல் சுற்றில் நம்மவருக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், கடைசியில் அவர்களுக்குப் பிடித்தவரே ஜெயிப்பார். 151இல் இரண்டு என்பது மக்கள் தீர்ப்பு இல்லை, இயந்திரத்தின் தீர்ப்பு. அந்த இயந்திரத்தையும் மீறி ஒரு இடத்தைப் பிடித்த கிளை எவ்வளவு உறுதியான கிளையாக இருந்திருக்க வேண்டும்!

அந்த ஒற்றை இடத்தை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். 1946 ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்கான தேர்தல். மாகாண சட்டசபை உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். பம்பாய் சட்டசபையில் பெடரேஷனுக்கு ஒரு இடம்கூட இல்லை. அம்பேத்கருக்குத் தன் சொந்த மாகாணத்தில் வழியில்லை. பெடரேஷனின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர் நம் சென்னைக்காரர் என். சிவராஜ், அவருடைய மாகாணமும் கைகொடுக்கும் நிலையில் இல்லை. வங்கத்தில் ஐரோப்பிய உறுப்பினர்களின் ஓட்டை அம்பேத்கர் எதிர்பார்த்தார். அவர்கள் ஓட்டே போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்போது மண்டல் ஓடியாடி வேலை செய்தார். விருப்ப வரிசை முறை என்பதால் நான்கைந்து உறுப்பினர்கள் முதல் விருப்பம் தந்தாலே போதும். தாழ்த்தப்பட்ட உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார்கள். காங்கிரஸ் பக்கம் இருந்தவர்களிலும் ஆதரவு கிடைத்தது. அம்பேத்கர் வங்கத்தின் உறுப்பினராக நிர்ணய சபைக்குள் நுழைந்தார்.

1946 டிசம்பர் 17இல் சபையில் தன் முதல் உரையை நிகழ்த்தியது அந்த வங்க உறுப்பினர்தான். 1947 மார்ச்சில் பெடரேஷன் சார்பில் அவர் கொடுத்த 'ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்' கோரிக்கை மனு நமக்குத் தெரியும். நிலம் முழுவதும் அரசுடைமை, கூட்டுப் பண்ணை என்று பேசிய மனு. அதை எழுதியபோதும் அவர் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்தான். இந்தியப் பொதுவுடைமைக் கட்சிகள் அந்த மனுவை இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். நாம் அந்த நாற்காலியைச் சுமந்தவர்களைப் படித்தோமா?

3

இங்கே நம் மேடைகளில் ஒரு கதை சொல்லப்படுகிறது. அம்பேத்கருக்கு ஓட்டுப் போட்டதற்குத் தண்டனையாக ஜெஸ்ஸூர், குல்னா, பரிசால், ஃபரித்பூர் நான்கு மாவட்டங்களையும் காங்கிரஸ் வேண்டுமென்றே பாகிஸ்தானுக்குத் தள்ளிவிட்டது என்பது அந்தக் கதை. நானும் கைதட்டியிருக்கிறேன். இது அப்படியே நிற்காது, தோழர்களே. ஓட்டுப் போட்டது மாவட்டங்கள் இல்லை, சட்டசபை உறுப்பினர்கள். அந்த நான்கில் மூன்று மாவட்டங்கள் முஸ்லிம் பெரும்பான்மை கொண்டவை. குல்னா மட்டும் சற்றே இந்துப் பெரும்பான்மை. அது பாகிஸ்தானுக்குப் போனது, முஸ்லிம் பெரும்பான்மை முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்தது. ஜெஸ்ஸூரின் ஒரு பகுதியான பன்காவ் இந்தியாவிலேயே நின்றது. ராட்கிளிஃப் போட்ட கோடு அது.

கட்டுக்கதை நமக்குத் தேவையில்லை. உண்மையே போதுமான அளவுக்குக் கசப்பாக இருக்கிறது. அம்பேத்கருக்காக யாரும் கோட்டை நகர்த்த வேண்டியிருக்கவில்லை; அந்த ஜனத்தை நினைக்காமல் கோடு போட்டாலே போதுமானதாக இருந்தது. வங்கத்தைப் பிரிக்கக் கூடாது என்று மண்டல் ஊர் ஊராகப் பேசினார். மேற்கு வங்கத்து இந்து பத்ரலோக்குக்குத் தனி மாகாணம் வேண்டியிருந்தது. காங்கிரசில் இருந்த தாழ்த்தப்பட்ட உறுப்பினர்கள் பெரும்பாலும் பிரிவினை பக்கம் போனார்கள். குருசந்த் தாக்கூரின் பேரன் பி.ஆர். தாக்கூரும் காங்கிரஸ் பக்கம்தான் இருந்தார். ஆக, ஒரே மண்ணில் ஒரே ஜனத்துக்குள் இரண்டு வழி. இரண்டு வழியும் கடைசியில் அகதி முகாமில் போய் முடிந்தன.

வங்கம் பிரிந்ததும் அம்பேத்கரின் இடம் போனது. 1947 ஜூலையில் அவர் பம்பாயிலிருந்து காங்கிரஸ் ஆதரவோடு மறுபடி தேர்வானார். அதுவரை அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திய காங்கிரஸ் இப்போது கதவைத் திறந்தது. நல்லதுதான், அரசியலமைப்பு கிடைத்தது. ஆனால் கிளை? அதன் வேர் முழுவதும் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

1946 அக்டோபரில் இடைக்கால அரசில் லீக்கின் ஐந்து இடங்களில் ஒன்று மண்டலுக்குக் கிடைத்திருந்தது. 1947 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் பாகிஸ்தான் நிர்ணய சபை கூடியபோது தற்காலிகத் தலைவராக நாற்காலியில் அமர்ந்தவர் அவர். அடுத்த நாள் ஜின்னா எல்லா மதத்தாரும் சமமான குடிமக்கள் என்று பேசினார். சேற்று நிலத்து நாமசூத்திரர் மகன் ஒரு புதிய தேசத்தின் சபையைத் தொடங்கிவைக்கிறார் என்றால், அன்றைக்கு அவர் நம்பியது முட்டாள்தனமா? அந்த அக்காவின் கேள்வியை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

1947 நவம்பரில் அம்பேத்கர் ஓர் அறிக்கை விட்டார். பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட தாழ்த்தப்பட்டோர் எப்படியாவது இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும், லீக்கை நம்பக் கூடாது என்று. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர் எச்சரித்தது சரி. ஆனால் ஒரு கிளைக்காரன் மகனாக எனக்கு இங்கே ஒரு கேள்வி உண்டு. வரச் சொன்னது சரி, எங்கே வருவது? சொத்து உள்ள மேல்சாதியார் கல்கத்தாவில் வீடு, உறவு, உத்தியோகம் எல்லாம் வைத்திருந்தார்கள், முதலிலேயே போய்விட்டார்கள். நாமசூத்திரருக்கு இருந்தது ஏரும் நிலமும் தோணியும். அதைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியுமா? அண்ணலை விமர்சிக்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தலைமையின் பார்வைக்கும் கிளையின் பார்வைக்கும் நடுவில் ஒரு தூரம் உண்டு என்று சொல்வது அவமதிப்பு இல்லை. நம் இயக்கம் அந்தத் தூரத்தை அளக்கவே இல்லை.

4

1950 அக்டோபர் 8 தேதியிட்டு, கல்கத்தா வந்து சேர்ந்தபிறகு, பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானுக்கு மண்டல் எழுதிய ராஜினாமாக் கடிதம்தான் இந்தக் கிளை விட்டுச்சென்ற பெரிய எழுத்து. அதை ஓர் இலக்கியப் பிரதி போல வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் பத்திரிகைகள் தன்வரலாறுகளைக் கொண்டாடுகின்றன. ஒரு தலித் அமைச்சர் எழுதிய இந்த நீண்ட வாக்குமூலம் தன்வரலாறு இல்லாமல் வேறென்ன?

கடிதம் இரண்டு பகுதியாக நிற்கிறது. முதல் பகுதியில் தான் ஏன் லீக்கோடு சேர்ந்தேன் என்று சொல்கிறார். வங்கத்து முஸ்லிம்களும் தாழ்த்தப்பட்டோரும் ஒரே மாதிரி உழுகிறவர்கள், உழைக்கிறவர்கள், இருவரும் படிப்பில் பின்தங்கியவர்கள், சேர்ந்தால் இருவருக்கும் விடிவு வரும் என்று நினைத்தேன் என்கிறார். கல்கத்தா படுகொலைக்கும் நவகாளிக்கும் பிறகும் ஏன் விலகவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். இரண்டாம் பகுதி ஊர்ப் பெயர்களால் நிறைந்தது. கோபால்கஞ்சில் திகர்குல், பரிசாலில் கௌர்நதி, சில்ஹட்டில் ஹபிப்கஞ்ச், குல்னாவில் கால்சிரா, பிறகு 1950 பிப்ரவரியில் டாக்கா. போலீசும் ராணுவமும் கும்பலும் நடத்திய கொடுமைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். கால்சிராவுக்கு நேரில் போய்ப் பார்த்ததாக எழுதுகிறார். மேலிடத்தில் முறையிட்டும் நியாயம் கிடைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மத்திய அமைச்சர் ஒருவர் எழுதிய கடிதம் இது. படிக்கப் படிக்க எனக்கு என் அப்பாவின் கையெழுத்து தெரிந்தது. இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்னது நடந்தது, தயவுசெய்து விசாரிக்கவும். பதில் வராத கடுதாசிகளின் தொகுப்புதான் அந்த ராஜினாமா. பெயர் அமைச்சர், நடத்தியது கிளைச் செயலாளர் மாதிரி.

இந்தக் கடிதத்தை இன்று யார் யார் எப்படி வாசிக்கிறார்கள்? இந்துத்துவக்காரர்கள் இரண்டாம் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் படிக்கிறார்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது மண்டல் திடீரென்று அவர்களுக்கு வேண்டியவராகிவிட்டார். தலித்-முஸ்லிம் ஒற்றுமை என்றால் இதுதான் கதி என்று நமக்கே பாடம் நடத்தினார்கள். முதல் பகுதியை, அதாவது எந்தச் சாதி இந்துக் கொடுமை அவரை லீக் பக்கம் தள்ளியதோ அதை, அவர்கள் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. இடதுசாரி, மதச்சார்பற்ற அறிஞர்கள் முதல் பகுதியைப் பாராட்டிவிட்டு இரண்டாம் பகுதி வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். கால்சிராவில் செத்தவர்களைப் பற்றிப் பேசினால் இந்துத்துவத்துக்கு உதவியாகிவிடுமாம். நாம், தலித் எழுத்தாளர்கள், முழுக் கடிதத்தையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டோம். நமக்கு அது சங்கடம்.

கடிதத்தின் மீது எனக்கும் விமர்சனம் உண்டு. ஆரம்பத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' என்று தனித்து நின்று பேசுகிறவர், கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது பெரும்பாலும் 'இந்துக்கள்' என்று பேசுகிறார். அடித்தவன் சாதி கேட்டு அடிக்கவில்லை. அதனால் அடிபட்ட இடத்தில் நாமசூத்திரன் இந்து ஆகிவிட்டான். வன்முறை ஒருவனுக்கு எப்படி ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறது என்பதற்கு அந்தச் சொல் மாற்றமே சாட்சி. ஆனால் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் மறுபடியும் சாதி கேட்கப்பட்டது. அதைப் பற்றி அந்தக் கடிதத்துக்குத் தெரியாது. அது பிறகு நடந்தது.

5

முன்னதாக வந்த மேல்சாதி அகதிகள் கல்கத்தாவைச் சுற்றிப் புறம்போக்கிலும் தனியார் நிலத்திலும் காலனிகள் போட்டார்கள். அவை காலப்போக்கில் பட்டா பெற்று மரியாதையான நகர்களாயின. 1950க்குப் பிறகு அலை அலையாக வந்த நாமசூத்திரக் குடியானவர்களுக்குக் கிடைத்தது முகாம். பிறகு அந்தமான். 1958 முதல் தண்டகாரண்யம்: பஸ்தர், கோராபுட் காடுகள். நெல்லும் மீனும் தெரிந்த ஜனத்தை, தண்ணீர் இல்லாத மேட்டுக்காட்டில், ஏற்கனவே ஆதிவாசிகள் வாழ்ந்த நிலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

மண்டல் அதை எதிர்த்துப் போராடினார். திரும்பி வந்த நாட்டில் அவருக்கு மரியாதை இல்லை. 'ஜோகேன் அலி மொல்லா' என்று கேலி பேசினார்கள். தேர்தல்களில் நின்று நின்று தோற்றார். பெடரேஷன் 1957இல் குடியரசுக் கட்சியானது. வங்கத்தில் அது பெயருக்குத்தான் இருந்தது. 1968 அக்டோபர் 5இல் பன்காவில் அவர் இறந்தார். ராட்கிளிஃப் கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய பழைய ஜெஸ்ஸூர்த் துண்டு அது.

அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, தண்டகாரண்யத்திலிருந்து புறப்பட்ட அகதிகள் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் குடியேறினார்கள். தாங்களே பள்ளிக்கூடம் கட்டினார்கள், மீன் பிடித்தார்கள், கடை போட்டார்கள். 1979 ஜனவரியில் இடது முன்னணி அரசு தீவைப் படகுகளால் முற்றுகையிட்டது. சோறும் தண்ணீரும் மருந்தும் போகவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதத்தில் மிச்சமிருந்தவர்களையும் குடிசைக்குத் தீவைத்து வெளியேற்றினார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. எண்ணிப் பார்க்க யாரும் அக்கறைப்படவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

வங்க இலக்கியத்தில் இவையெல்லாம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தன. தேபேஷ் ராய் 2010இல் 'பரிசாலேர் ஜோகேன் மண்டல்' என்று பெரிய நாவலே எழுதினார். பரிசாலில் பிறந்து, குழந்தையிலேயே அகதியாக வந்து, ரிக்‌ஷா இழுத்து, சிறையில் எழுத்துக் கற்ற மனோரஞ்சன் பியாபாரி 'இதிவிருத்தே சண்டால் ஜீபன்' என்று தன் வாழ்க்கையை எழுதினார். பதிவேட்டிலிருந்து நீக்கப் போராடிய அந்தப் பழைய பெயரையே எடுத்துத் தலைப்பில் வைத்தார். வெட்கப்பட வேண்டியது நானில்லை என்பதுதான் அந்தத் தலைப்பு.

6

அந்த அக்காவின் கேள்விக்கு இப்போது என்னால் முடிந்த பதில் இது. மண்டல் ஏமாந்தார் என்பது உண்மை. ஆனால் ஏமாந்தவர் என்பது அவர் அடையாளம் இல்லை. சாதி இந்துவை நம்பிய தாழ்த்தப்பட்டோர் பூனா ஒப்பந்தத்தில் ஏமாந்தார்கள். காங்கிரசை நம்பிய தாக்கூர் குடும்பத்தின் ஜனமும் அகதியாகத்தான் வந்தது. செங்கொடியை நம்பி வந்தவர்கள் மரிச்ஜாப்பியில் ஏமாந்தார்கள். ஏமாற்றியவர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஏமாந்தவர்களில் ஒருவரை மட்டும் பிடித்து மேடையேற்றி 'பாருங்கள், இவர்தான் ஏமாளி' என்று சொன்னேனே, அதுதான் தவறு.

ஒரு கட்சிக்கு ஒரு கொள்கை இருக்கலாம். ஆனால் பரிசாலின் பக்கத்து வயல் மராத்வாடாவின் பக்கத்து வயல் இல்லை. வட ஆற்காட்டின் பக்கத்து வயலும் இல்லை. அந்தந்த மண்ணில் யார் பக்கத்து வயல்காரன், யார் நிலக்காரன், யாருக்கு எதிராக யாரோடு சேர முடியும் என்பதைக் கிளைதான் அறியும். அந்த அறிவை எழுதிவைக்காத இயக்கம், தோல்வி வந்ததும் கிளைமீது பழி போட்டுவிட்டுப் போகும். நம் தலித் அரசியலில் கூட்டணிகளைப் பற்றி வருகிற வசவுகளைப் பாருங்கள். அந்தந்த ஊரில் அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டுவிட்டு வசைபாடுகிறவர் எத்தனை பேர்?

அப்பா போனபிறகு பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ரசீது அடிக்கட்டைகள் இருந்தன. கார்பன் வைத்து எடுத்த கடுதாசி நகல்களும் இருந்தன. சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், பள்ளிக்கூடத்தில் தனித் தம்ளர். தேதி, ஊர், பெயர், நடந்தது. கரையான் பாதியைத் தின்றிருந்தது. மிச்சத்தை இப்போது படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு கட்சியின் ஒரு கிளை இருந்திருக்கும். அதன் செயலாளர் யாருக்காவது தாத்தாவாக இருப்பார். அவர் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கும். பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பாருங்கள். பதில் வராத கடுதாசிகளுக்கு இனிமேல் தலைமையிடமிருந்து பதில் வராது. நாம்தான் எழுத வேண்டும்.